மகனுக்கும் 48, அம்மாவுக்கும் 48

கேள்வி: சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கிறோம். தேசிய சேவையில் (இளைஞர்களுக்கான கட்டாயப் படைச் சேவை) இருக்கும் என் மகனுக்குத் தூக்கத்தில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 48 என்று கைக்கடிகாரம் காட்டுகிறது. 74 வயது அம்மாவுக்குப் பகலிலேயே, ரத்த அழுத்தம் பார்க்கும் மெஷினில் அதே 48. எந்த வயதில் இது சகஜம்? யாரை டாக்டரிடம் கூட்டிப்போவது?

பதில்: அம்மாவை. மகனுக்கு மயக்கமோ படபடப்போ இல்லையென்றால் அவரைத் தூங்க விடுங்கள்.

பெரியவர்களுக்கு ஓய்வில் 60 முதல் 100 என்பது பாடப்புத்தகக் கணக்கு. 50களில் துடிப்புள்ள ஆரோக்கியமானவர்கள் ஏராளம். நன்றாக ஓடிப் பழகிய இளைஞரின் இதயம் ஒரே துடிப்பில் நிறைய ரத்தத்தைத் தள்ளிவிடும். தூக்கத்தில் 40களுக்கு இறங்குவது அந்த வயதில் சாதாரணம். பச்சைக் குழந்தை கதையே வேறு: விழித்திருக்கும்போது 100க்குக் கீழே போனாலே உடனே காட்ட வேண்டும்.

முதுமையில் காரணம் மாறுகிறது. இதயத்தில் துடிப்பைத் தொடங்கிவைக்கும் சைனஸ் கணுவில் வயதாக ஆக நார்த்திசு சேர்கிறது, மின்தூண்டல் மந்தமாகிறது. பேஸ்மேக்கர் (துடிப்பைத் தூண்ட உடலுக்குள் பொருத்தும் சிறு கருவி) வைத்துக்கொள்பவர்களில் பெரும்பாலோர் முதியவர்களாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் அதற்குள் பேஸ்மேக்கர் வரை யோசிக்க வேண்டாம். முதலில் அம்மாவின் மருந்துப் பையைப் பாருங்கள். ரத்த அழுத்தத்துக்குத் தரும் அட்டெனலால், பிசோப்ரோலால், டில்டியாசெம் எல்லாமே துடிப்பைக் குறைப்பவை. கண் அழுத்தத்துக்குப் போடும் டிமோலால் சொட்டு மருந்தும் அப்படித்தான். கண் மருந்துதானே என்று பலர் டாக்டரிடம் சொல்வதே இல்லை. தைராய்டு குறைவும் காரணமாகலாம்.

மெஷினும் சில சமயம் ஏமாற்றும். இடையிடையே நேரத்துக்கு முன்பே வந்துவிடும் துடிப்புகளை எண்ணாமல் விட்டுவிடும். அம்மாவை ஐந்து நிமிடம் உட்கார வையுங்கள். கட்டைவிரலுக்கு நேர் கீழே, மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து முழு நிமிடம் எண்ணுங்கள். துடிப்பு சீராக இருக்கிறதா, தாவித் தாவி வருகிறதா என்றும் கவனித்து எழுதிக்கொள்ளுங்கள். பையோடும் குறிப்போடும் பலதுறை மருந்தகத்துக்கு (பாலிகிளினிக்) போனால் இதயத்தின் மின்னோட்டத்தைப் பதிவுசெய்யும் இசிஜி எடுத்துப் பார்ப்பார்கள்.

நடக்கும்போது முன்பில்லாத களைப்பு, தலைசுற்றல் இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். மயங்கி விழுந்தாலோ, நெஞ்சுவலியோ மூச்சுத்திணறலோ வந்தாலோ ஆம்புலன்சுக்கு 995ஐ அழையுங்கள். மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அட்டெனலால் வகையைத் திடீரென விட்டால் துடிப்பும் அழுத்தமும் எகிறும்.