ஓய்வு பெறும் போதகருக்குச் சால்வையா, கடோவா?

கேள்வி: யாங்கூனில் எங்கள் சபைப் போதகர் ஓய்வு பெறுகிறார். எங்களில் பலரை ஊழியத்துக்குப் பழக்கியவர் அவர். பெரியவர்கள் சால்வை, மாலை என்கிறார்கள். வாலிபர்கள் பர்மிய முறைப்படி, மண்டியிட்டுக் கும்பிடும் கடோ செய்யலாம் என்கிறார்கள். எப்படிச் செய்வது நல்லது?

பதில்: நானும் யாங்கூன்தான். ஒரு சிறிய தமிழ்ச் சபையில் உதவி ஊழியனாக இருக்கிறேன். எங்கள் பாஸ்டர் ஐயா 2019இல் ஓய்வு பெற்றபோது இதே பேச்சு எங்கள் கமிட்டியிலும் வந்தது. அப்போது நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் கடோ. புத்தர், தம்மம், சங்கம், பெற்றோர், ஆசிரியர் என்று ஐந்தையும் ஒரே வரிசையில் வைத்துத்தான் பர்மிய பௌத்தர்கள் வணங்குகிறார்கள். நம் பெரியவர்கள் தயங்குவது அதனால்தான், அந்தத் தயக்கத்தை வாலிபர்கள் லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனால் தடிஞ்சூ விளக்குத் திருநாள் சமயத்தில் பள்ளிக்கூடத்தில் சயாக்களுக்கு, அதாவது ஆசிரியர்களுக்கு, துண்டும் சோப்பும் வைத்துக் கடோ செய்து வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். போதகரையும் சயா என்றே கூப்பிடுகிற ஊர் இது. அவர்களுக்குத் தெரிந்த மரியாதை அதுதான். நாங்கள் ஐயாவிடமே கேட்டுவிட்டோம். "என் முன்னால் யாரும் மண்டியிட வேண்டாம்ப்பா. பாயைப் போடுங்கள், நானும் கீழே உட்கார்ந்துகொள்கிறேன்" என்றார். அப்படியே செய்தோம். உங்கள் போதகர் வேறு மாதிரிச் சொல்லலாம். அவரையே கேளுங்கள்.

நான் எங்கள் ஐயாவிடம் வந்து சேர்ந்தது நர்கிஸ் புயலில். 2008 மே 2ஆம் தேதி இரவு எங்கள் வீட்டுத் தகரக் கூரை பறந்துபோனது. விடிந்ததும் எங்கே போவது என்று தெரியாமல் நின்றோம். தெருமுனையில் சபைக் கதவு திறந்திருந்தது. இந்து, முஸ்லிம், பர்மியர் என்று யாரையும் அவர் கேட்கவில்லை, எல்லாரும் உள்ளே போய்ப் படுத்தோம். பாஸ்டரம்மா கஞ்சி காய்ச்ச, ஐயா தண்ணீர் சுமந்தார். எனக்கு அப்போது இருபது வயது. அவரோடு குடம் தூக்க ஆரம்பித்தவன்தான், அப்புறம் திரும்பிப் போகவில்லை.

எனக்கு அப்போது தமிழ் பேச வரும், படிக்க வராது. 1960களில் தனியார் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டபோது தமிழ்ப் பள்ளிகளும் போயின. அதற்குப் பிறகு கோயிலிலோ சபையிலோ யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு. எங்கள் சபையில் பாட்டுகளைப் பர்மிய எழுத்தில் எழுதி வைத்துத்தான் பாடுவோம். ஐயா என்னிடம், "பாட்டிமார்களுக்கு நீ பிரசங்கம் பண்ணப் போகிறாய். அவர்கள் கையில் இருக்கிற வேதத்தை நீ வாசிக்க வேண்டாமா?" என்று கேட்டார். செவ்வாய்க்கிழமை தோறும் வேலை முடிந்து போவேன். வேதத்தில் இருக்கிற சங்கீதங்களை வைத்து எழுத்துக் கூட்டச் சொல்லுவார். பர்மிய எழுத்தில் ழ கிடையாது. அந்த ஒரு எழுத்துக்காக எத்தனை செவ்வாய்க்கிழமை போயிற்றோ!

2010இல் என் முதல் பிரசங்கம். முடிந்ததும் நன்றாக இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லுவார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது: "இரண்டாவது வரிசையில் இருந்த அம்மா இன்றைக்கு ஏன் பாடவில்லை, பார்த்தாயா?" நான் பார்க்கவில்லை. மலேசியாவுக்கு வேலைக்குப் போன மகனிடமிருந்து மூன்று மாதமாகப் போன் இல்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அன்று சாயங்காலமே என்னை அந்த வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே அவர் அதிகம் பேசவும் இல்லை. ஒரு மணி நேரம் அந்த அம்மா பேசினார், நாங்கள் கேட்டுக்கொண்டிருந்தோம்.

யாங்கூனுக்கு அடுத்த சிரியம் பக்கம் ஒரு ஜெபக்கூட்டத்தை என் பொறுப்பில் விட்டார். இரண்டு வருடம் ஆகியும் நாலு பேர்தான். நிறுத்திவிடலாம் என்று சொல்லப் போனேன். பர்மாவுக்கு வந்த அமெரிக்க மிஷனரி ஜட்சன் ஐயாவின் கதையைச் சொன்னார். 1813 ஜூலையில் ரங்கூனில், அதாவது இன்றைய யாங்கூனில், வந்து இறங்கினவர், முதல் பர்மியருக்கு ஞானஸ்நானம் கொடுத்தது 1819 ஜூனில், ஏறக்குறைய ஆறு வருடம் கழித்து. இந்தக் கதை எனக்கு முன்பே தெரியும், இங்கே எல்லாக் கிறிஸ்தவர்களுக்கும் தெரியும். ஆனால் அடுத்த வாரம் அவரே பஸ் ஏறி என்னோடு வந்தார், மழைக்காலம் முடிகிற வரைக்கும் வந்தார். பிரசங்கம் என்னைச் செய்யச் சொல்லிவிட்டு, ஐந்தாவது ஆளாகத் தரையில் உட்கார்ந்து கேட்டார்.

இப்படிப்பட்டவருக்கு என்ன செய்வது என்றுதான் கமிட்டியில் பேசினோம். மேடை, பேனர், சாப்பாடு, கேடயம் என்று கணக்குப் போட்டபோது ஒரு பெரியவர் எழுந்து, "ஐயா எங்கே போய்க் குடியிருக்கப் போகிறார்?" என்று கேட்டார். எங்களில் ஒருவரும் அதை யோசித்திருக்கவில்லை. அவர் இருந்தது சபை வீடு. புதுப் போதகர் வந்தால் காலி பண்ண வேண்டும். பென்ஷன் இல்லை. யாங்கூனில் வீடு பிடித்தால் ஆறு மாத வாடகை, ஒரு வருட வாடகை என்று மொத்தமாக முன்னாலேயே கேட்பார்கள். முதலாம் தீமோத்தேயு ஐந்தாம் அதிகாரத்தில் நன்றாய் விசாரிக்கிற மூப்பருக்கு இரட்டிப்பான கனம் என்று பவுல் எழுதுகிறார் அல்லவா? போரடிக்கிற மாட்டின் வாயைக் கட்டாதே என்பதும், வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்பதும் அடுத்த வசனத்திலேயே வருகின்றன. கனம் என்கிற இடத்தில் இருக்கும் கிரேக்கச் சொல்லுக்கு விலை என்றும் பொருள் உண்டு. அதை நாங்கள் அன்றைக்குத்தான் ஒழுங்காகப் படித்தோம் என்று நினைக்கிறேன். பேனரையும் கேடயத்தையும் விட்டோம். ஒரு வருட வாடகையைக் கட்டினோம், இரத்த அழுத்த மாத்திரைக்கு மாதா மாதம் குடும்பங்கள் பிரித்துக்கொண்டோம். 2021க்குப் பிறகு எல்லாம் விலை ஏறியபோது தொகையையும் ஏற்றினோம்.

சால்வையும் போட்டோம், அது தவறில்லை. பேசியவர்களிடம், புகழ வேண்டாம், ஐயா உங்களுக்குச் செய்த ஒரே ஒரு காரியத்தைச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். மலேசியா மகனின் அம்மாவும் பேசினார். கடைசியில், நான் எழுத்துச் சொல்லிக்கொடுத்த ஐந்து பிள்ளைகள் இருபத்துமூன்றாம் சங்கீதத்தைத் தமிழ் எழுத்தில் பார்த்தே வாசித்தார்கள். "பாத்திரம் நிரம்பி" என்றதும் சின்னப் பெண் ஒருத்தி 'வழிகிறது' வராமல் நின்றுவிட்டாள். ஐயா பாயில் உட்கார்ந்தபடியே, "நாக்கை மடக்கும்மா" என்றார். அவளுக்கு வந்துவிட்டது. அன்றைக்கு ஐயா அழுதது அந்த இடத்தில்தான்.

உங்களுக்கு நாள் இருக்கிறது. இந்த வாரமே பாஸ்டரம்மாவைப் போய்ப் பாருங்கள், வீடு பார்த்தாயிற்றா, மருந்துச் செலவு எவ்வளவு என்று கேளுங்கள். ஐயா சொல்ல மாட்டார், அம்மா சொல்லுவார்கள். சால்வையை முந்தின நாள் சாயங்காலம்கூட வாங்கிக்கொள்ளலாம்.