கடலிலிருந்து 900 மீட்டரில் வீடு: பெரிய சுனாமி வந்தால் எவ்வளவு நேரம் கிடைக்கும்?

கேள்வி: நாகப்பட்டினம் அருகே கடற்கரையிலிருந்து சுமார் 900 மீட்டர் தள்ளி எங்கள் ஓட்டு வீடு இருக்கிறது. 2004-ல் தண்ணீர் வாசற்படி வரை வந்து நின்றது. இப்போது குடும்ப வாட்ஸ்அப் குழுவில், 300 மீட்டர் உயர ராட்சதச் சுனாமி வரப்போகிறது என்று ஒரு வீடியோ சுற்றுகிறது. அம்மாவுக்கு 74 வயது, முழங்கால் தேய்மானம். தம்பி விசைப்படகில் தொழிலுக்குப் போகிறான். வீட்டை விற்றுவிட்டுத் திருவாரூர் பக்கம் போய்விடலாமா? இங்கேயே இருந்தால், கடல் உள்வாங்குவதைப் பார்த்த பிறகு ஓடுவதற்கு எவ்வளவு நேரம் கிடைக்கும்?

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியில் இருந்தே தொடங்குகிறேன். அந்த வீடியோவை விட எனக்குக் கவலை தருவது அதுதான்.

கடல் உள்வாங்கும், அதைப் பார்த்துவிட்டு ஓடலாம் என்று கடற்கரையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். தாய்லாந்துக்கு அது பெரும்பாலும் பொருந்தும். நம் கரைக்கு அப்படியே பொருந்தாது. 2004 டிசம்பர் 26 காலை 6.29-க்கு இந்தோனேசியாவின் சுமத்ராத் தீவுக்கு வடமேற்கே கடலடியில் தொடங்கிய நிலநடுக்க முறிவு, நிக்கோபார், அந்தமான் வழியாக ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓடியது. அளவு 9.1. இந்தியாவைத் தாங்கும் பாறைத் தட்டு கிழக்கே சரிந்து பக்கத்துத் தட்டுக்கு அடியில் நுழையும் இடம் அது. நூற்றாண்டுகளாகச் சிக்கிக் கிடந்த விளிம்பு விடுபட்டபோது கடலடித்தரை மேற்குப் பக்கம் எழும்பியது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. அதனால் கிழக்கே போன அலைக்குப் பள்ளம் முன்னால், மேடு பின்னால். தாய்லாந்துக் கடற்கரைகளில் கடல் வற்றியதைச் சுற்றுலாப் பயணிகள் பார்த்தது அதனால்தான். மேற்கே நம்மை நோக்கி வந்த அலையில் மேடுதான் முன்னால் இருந்தது. நம் பக்கமும் இலங்கைப் பக்கமும் முதலில் நீர் ஏறியது. அப்புறம் கடல் வெகுதூரம் பின்வாங்கியது. பல இடங்களில் அதற்கடுத்து வந்ததுதான் பெரிய அலை. முதல் நீர் வடிந்ததும் பார்க்கப் போனவர்கள், பிள்ளைகளைத் தேடிப் போனவர்கள், துள்ளிய மீனைப் பொறுக்கப் போனவர்கள் அதில் சிக்கினார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 900 மீட்டர் தள்ளி இருக்கும் நீங்கள் கடலைப் பார்த்துக்கொண்டா இருக்கப் போகிறீர்கள்? உள்வாங்கியது என்று தெருவில் சத்தம் கேட்கும்போது தண்ணீர் ஏற்கெனவே கிளம்பியிருக்கும்.

மறுபக்கம், அமாவாசை, பௌர்ணமி வந்தால் ராமேசுவரத்திலோ கன்னியாகுமரியிலோ கடல் உள்வாங்கியதாகச் செய்தித்தாளில் போட்டுவிடுகிறார்கள். அது பெரும்பாலும் வழக்கமான வற்றம்தான், காற்றும் சேர்ந்துகொண்டால் கொஞ்சம் கூடுதலாகத் தெரியும். அன்றாட ஓதம் வற்ற ஆறு மணி நேரம் எடுக்கும். சுனாமிப் பள்ளம் சில நிமிடங்களில் தரையைக் காட்டிவிடும். கண்ணெதிரே மளமளவென்று கடல் வற்றுவதைப் பார்த்தால் நின்று யோசிக்காமல் ஓட வேண்டியதுதான். ஆனால் வற்றாமல் சுனாமி வராது என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

சரி, எவ்வளவு நேரம் கிடைக்கும்? இங்கே நல்ல செய்தி இருக்கிறது. நம் கரையைப் பெரிதாகத் தாக்கக்கூடிய சுனாமி பிறக்கும் இடம் அந்தமான், நிக்கோபார், வடக்குச் சுமத்ரா வரிசை. கார் நிக்கோபாரிலிருந்து நாகைக்கு ஏறத்தாழ 1,400 கிலோமீட்டர். சுனாமியின் வேகத்தைத் தீர்மானிப்பது கடலின் ஆழம். மூவாயிரம், மூவாயிரத்து ஐந்நூறு மீட்டர் ஆழத்தில் அது மணிக்கு 600 கிலோமீட்டரைத் தாண்டி வரும், கரையோர ஆழமற்ற பகுதியில் வேகம் வெகுவாகக் குறையும். மொத்தத்தில் இரண்டிலிருந்து இரண்டரை மணி நேரம். 2004-லும் ஒன்பது மணியை ஒட்டித்தான் அலை நம் கரையைத் தொட்டது. அந்த இரண்டரை மணி நேரமும் நம் கையில்தான் இருந்தது, செய்தி சொல்லத்தான் ஆளில்லை. சென்னையில் பலர் அதிகாலை நில அதிர்வை உணர்ந்தார்கள், பேசிக்கொண்டார்கள், காபி குடிக்கப் போய்விட்டார்கள்.

விதிவிலக்காக ஓர் ஊரைச் சொல்லலாம். புதுச்சேரியை அடுத்த நல்லவாடு கிராமத்துக்காரர் ஒருவர் சிங்கப்பூரில் தொலைக்காட்சியைப் பார்த்துவிட்டு ஊருக்கு போன் போட்டார். அங்கே கிராம அறிவு மையம் ஒன்று இருந்தது. மீனவர்களுக்கு அலை உயரம், வானிலை சொல்வதற்காக வைத்திருந்த ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள், ஊர் தப்பியது.

இன்று அந்த ஒலிபெருக்கியின் வேலையைச் செய்வது ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் எனும் தேசியக் கடல் தகவல் நிறுவனத்தின் சுனாமி எச்சரிக்கை மையம். 2007 அக்டோபரிலிருந்து இயங்குகிறது. பெரிய நிலநடுக்கம் நடந்து சுமார் பத்து நிமிடத்துக்குள் முதல் அறிக்கை வந்துவிடும். அதன் பிறகு கடலடி அழுத்தமானிகளும் துறைமுக நீர்மட்டக் கருவிகளும் அலை உண்மையில் கிளம்பியதா என்று காட்டிக்கொடுக்கும். அறிக்கையில் மூன்று நிலைகள் உண்டு. நம் ஊடகங்கள் மூன்றையும் ‘சுனாமி எச்சரிக்கை’ என்றே போட்டுவிடுவதால் குழப்பம். உங்கள் கரையில் இரண்டு மீட்டருக்கு மேல் அலை எதிர்பார்க்கப்பட்டால் சிவப்பு: ஊரை விட்டு வெளியேற வேண்டும். அரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் வரை ஆரஞ்சு: கடற்கரை, துறைமுகம், முகத்துவாரம் பக்கம் யாரும் இருக்கக் கூடாது. அதற்கும் கீழே மஞ்சள்: வெளியேறத் தேவையில்லை, அடுத்த அறிக்கைக்குக் காத்திருக்கலாம். செய்தி வந்தால் முதலில் எந்த நிறம் என்று கேளுங்கள். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070.

(அந்தமானிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு: இந்த இரண்டு மணி நேரக் கணக்கு உங்களுக்கு இல்லை. நிற்க முடியாத அளவுக்குத் தரை ஆடினாலோ நீண்ட நேரம் ஆடினாலோ அதுதான் எச்சரிக்கை. சுமத்ரா அருகே சிமெலுவே தீவில் 1907 சுனாமியின் நினைவைப் பாட்டிகள் ‘ஸ்மோங்’ என்ற பெயரில் சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். 2004-ல் முறிவு தொடங்கிய இடத்துக்கு அருகிலேயே இருந்த அந்தத் தீவில் ஏறத்தாழ 78,000 பேரில் ஏழு பேர்தான் இறந்தார்கள்.)

இப்போது அந்த 300 மீட்டர் வீடியோ. அவ்வளவு உயரத்துக்கு நீர் ஏறியதே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1958 ஜூலையில் அலாஸ்காவின் லிட்டுயா விரிகுடாவில் மலைச்சரிவு ஒன்று நேராகத் தண்ணீரில் விழுந்தபோது எதிர்க்கரையில் 524 மீட்டர் உயரம் வரை மரங்கள் வழித்தெடுக்கப்பட்டன. ஆனால் அது குடத்துக்குள் கல் போட்ட கதை. ஒடுங்கிய விரிகுடாவுக்குள் எழும்பிய அலை, திறந்த கடலுக்கு வந்ததும் அடங்கிவிட்டது. நமக்கு எதிரே அப்படிப்பட்ட மலையும் இல்லை, குடமும் இல்லை. கடலில் சரியப்போகிறது என்று இப்படிப்பட்ட வீடியோக்கள் வழக்கமாகக் காட்டும் லா பால்மா எரிமலை அட்லாண்டிக்கில் இருக்கிறது. 2021-ல் மூன்று மாதம் எரிந்தும் அது சரிந்து விழவில்லை. அந்த வீடியோவை அழித்துவிடலாம்.

நிலநடுக்கத்தால் வரும் சுனாமியில், முறிவுக்கு மிக அருகே இருந்த சுமத்ராவின் ஆச்சே கரையிலேயே 2004-ல் நீர் மலைச்சரிவில் அதிகபட்சம் 50 மீட்டர் அளவுக்குத்தான் ஏறியது. 1,400 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் நமக்கு வந்தது அதில் பத்தில் ஒரு பங்கு போல. அதிலேயே நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேர் வரை போனார்கள். ராட்சதச் சுனாமி என்பதற்கு நம் ஊரில் முந்நூறு மீட்டர் வேண்டாம். நான்கைந்து மீட்டர் போதும். காரணம், சாதாரண அலை பத்துப் பதினைந்து விநாடியில் வந்து போய்விடும். சுனாமியின் ஒரு மேடு முழுதாக வந்து திரும்ப அரை மணி நேரம்கூட ஆகலாம், அத்தனை நேரமும் நீர் உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். 2005 ஜனவரியில் நாகைப் பகுதியில் சுவர்களில் இருந்த நீர்த்தடங்களை அளக்க டேப்போடு அலைந்தவன் நான். ஒரு தெருவில் என் தலைக்கு மேல் தடம் இருந்தது, அடுத்த தெருவில் கணுக்கால் அளவு. நடுவில் மணல்மேடு ஒன்று, அவ்வளவுதான். முழங்கால் அளவு நீரே ஓடும்போது ஆளைச் சாய்த்துவிடும். அதோடு படகும் கதவும் தகரமும் சேர்ந்து வரும்.

மறுபடி அந்த அளவுக்கு வருமா? வரும், எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. தாய்லாந்தின் பிரா தோங் தீவில் மண்ணைத் தோண்டிப் பார்த்தபோது, 2004 மணல் அடுக்குக்குக் கீழே, அதே போன்ற முந்தைய அடுக்கு சுமார் 550-லிருந்து 700 ஆண்டுகளுக்கு முற்பட்டதாக இருந்தது. அப்படியானால் இன்னும் ஐந்நூறு வருடம் கவலை இல்லை என்று கணக்குப் போடத் தோன்றும். ஆச்சேயில் ஒரு கடலோரக் குகைக்குள் படிந்திருந்த பழைய சுனாமி அடுக்குகள் அந்த நிம்மதியைக் கெடுத்தன. ஓரிடத்தில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேல் இடைவெளி, சில ஒரே நூற்றாண்டுக்குள் அடுத்தடுத்து வந்தவை.

எல்லாப் பெரிய நடுக்கமும் நமக்குப் பெரிய அலையை அனுப்பாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அலையின் பலம் முறிவுக் கோட்டுக்குக் குறுக்காகவே அதிகம் போகும். அந்தமான், நிக்கோபார் பகுதியில் கோடு வடக்கு தெற்காக ஓடுவதால் நேர் மேற்கே இருக்கும் நாமும் இலங்கையும் அடி வாங்கினோம். இன்னும் அழுத்தம் மிச்சம் இருப்பதாக அறிஞர்கள் பார்க்கும், சுமத்ராவின் மேற்குக் கரையில் உள்ள பாடாங் நகரத்துப் பக்கத்து முறிவு சாய்ந்து ஓடுகிறது, அதன் அலை பெரும்பகுதி தென்மேற்கே திறந்த கடலுக்குப் போகும். 2012 ஏப்ரல் 11-ல் சுமத்ராவுக்கு அப்பால் 8.6 அளவில் நடுங்கியபோது சென்னையில் அலுவலகங்கள் காலியாகித் தெருவில் நின்றன. பாறைகள் பக்கவாட்டில் உரசிய நடுக்கம் அது, கடலடித்தரை பெரிதாக எழும்பவில்லை, அலையும் சிறியதாகவே போயிற்று. அன்று வெளியே ஓடி வந்தவர்கள் ஏமாந்ததாக நினைக்க வேண்டாம். முதல் பத்து நிமிடத்தில் எந்த வகை நடுக்கம் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது.

வீட்டை விற்க வேண்டுமா? என் கருத்து, சுனாமிக்காக விற்க வேண்டாம். உங்கள் ஊருக்கு அடிக்கடி வருவது புயல். 2018 நவம்பரில் கஜா நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையேதான் கரையைக் கடந்தது. ஓட்டு வீட்டுக்குப் பதில் தூண், உத்திரத்தோடு கான்கிரீட் வீடு, வெளிப்பக்கம் அகலமான மாடிப்படி, மேலே ஓர் அறை என்று கட்ட முடிந்தால் அந்தச் செலவு புயலுக்கும் உதவும், சுனாமிக்கும் உதவும். 2004-லும் கரையோரத்தில் ஓட்டு வீடுகளும் வெறும் செங்கல் சுவர்களும்தான் பெருமளவில் விழுந்தன, தூண் போட்ட கட்டடங்கள் பல நின்றன. கட்ட வசதி இல்லை என்றால் தெருவில் எந்தக் கட்டடம் இரண்டு, மூன்று மாடி என்று பார்த்து வையுங்கள். பள்ளிக்கூடமோ புயல் பாதுகாப்பு மையமோ இருந்தால் இன்னும் நல்லது.

900 மீட்டர் என்ற எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். முக்கியம் தூரமல்ல, மேடு. பல ரயில் நிலையங்களில் ஊர்ப்பெயர் எழுதிய மஞ்சள் பலகையின் அடியில் கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று போட்டிருப்பார்கள். உங்கள் ஊர்ப் பலகையைப் பாருங்கள். கூடவே வீட்டுக்குப் பக்கத்தில் ஆறோ வாய்க்காலோ கடலுக்குப் போகிறதா என்றும் பாருங்கள். முகத்துவாரம் வழியாக நீர், கரையில் நின்ற இடத்தைத் தாண்டி வெகுதூரம் உள்ளே ஏறும். ஓடும் வழியில் பாலம் இருந்தால் அந்த வழி வேண்டாம்.

அம்மாவைப் பற்றி: இரண்டு மணி நேரம் கையில் இருக்கும்போது, மெதுவாக நடந்தாலும் ஒரு கிலோமீட்டர் போய்விடலாம். நடக்க முடியாவிட்டால் கைப்பிடி உள்ள பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைத்து இருவர் தூக்குவது போதும், மாடிப்படியிலும் அப்படியே. யார் அந்த இருவர் என்று இப்போதே பக்கத்து வீட்டில் பேசி வையுங்கள். ஒருமுறை தூக்கியும் பாருங்கள், அம்மா திட்டினாலும் பரவாயில்லை. கார் எடுக்காதீர்கள், எல்லோரும் எடுத்தால் குறுகிய தெருவில் யாரும் நகர முடியாது. மாத்திரை, ஆதார், குடிநீர் ஒரு பையில் இருக்கட்டும். நகைப் பெட்டியை எடுக்கத் திரும்பப் போகாதீர்கள். மேலே ஏறியவர்கள், அதிகாரபூர்வமாக முடிந்தது என்று அறிவிக்கும் வரை இறங்கக் கூடாது. அலைகள் மணிக்கணக்கில் வந்துகொண்டிருக்கும்.

தம்பி விஷயத்தில் கணக்கு நேர் எதிர். அன்று ஆழ்கடலில் இருந்த பலருக்குச் சுனாமி படகுக்கு அடியில் கடந்து போனதே தெரியவில்லை, கரைக்கு வந்துதான் தெரிந்துகொண்டார்கள். செய்தி வரும்போது அவர் கடலில் இருந்தால் துறைமுகத்துக்குத் திரும்பக் கூடாது, 100 மீட்டருக்கு மேல் ஆழம் உள்ள இடத்துக்குப் போய் நிற்க வேண்டும். கரையில் இருந்தால் படகைக் காப்பாற்ற ஓடக் கூடாது. அலை ஓய்ந்த பிறகும் துறைமுக வாயிலில் நீரோட்டம் தாறுமாறாக இழுக்கும் என்பதால், அரை நாளுக்குக் கூடுதலாக டீசலும் தண்ணீரும் படகில் எப்போதும் இருக்கட்டும்.