வாசகர் கேள்வி பதில்: கையேந்தி பவனில் மதியச் சாப்பாடு

கேள்வி: நான் விருதுநகரில் இருந்து மும்பைக்கு வந்து நான்கு மாதங்கள் ஆகின்றன. ஃபோர்ட் பகுதியில் வேலை. தங்கியிருக்கும் அறையில் சமைக்க அனுமதி இல்லை. தினமும் ஓட்டலில் சாப்பிடக் கட்டுப்படியாகவில்லை. மதியம் நண்பர்களோடு வண்டிக்கடைகளில்தான் சாப்பிடுகிறேன். இதுவரை இரண்டு முறை வயிறு கெட்டுவிட்டது. “ரோட்டில் நின்று சாப்பிடாதே” என்று அம்மா ஒவ்வொரு நாளும் போனில் சொல்கிறார். நல்ல வண்டியை எப்படி அடையாளம் காண்பது?
- வாசகர், சயான் கோலிவாடா

பதில்: உங்கள் அம்மாவின் கவலை நியாயமானது. ஆனாலும் வண்டிக்கடையை அடியோடு விட்டுவிட வேண்டியதில்லை என்பதே, உணவுப் பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்த என்னுடைய உறுதியான கருத்து. உங்கள் கண் முன்னால் கொதித்து, பொரிந்து அல்லது கல்லில் வெந்து, அந்தச் சூட்டோடு தட்டுக்கு வரும் பண்டத்தில் கிருமி பிழைத்திருப்பது அரிது. வயிற்றைக் கெடுப்பது பெரும்பாலும் அந்தப் பண்டத்தோடு சேர்ந்து வருகிற சட்னி, நறுக்கிய வெங்காயம், குடிக்கும் தண்ணீர், கழுவிய தட்டு ஆகியவைதான்.

உணவில் கிருமிகள் வேகமாகப் பெருகுவது ஏறத்தாழ 5 டிகிரி முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான வெப்பத்தில். மும்பையின் மதிய வெயில் இந்த எல்லைக்கு நடுவில்தான் நிற்கிறது. வசதியான சூழல் அமைந்தால் சில கிருமிகள் சுமார் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாகும்; அந்தக் கணக்கில் ஒரே ஒரு கிருமி நான்கு மணி நேரத்தில் நான்காயிரத்தைத் தாண்டிவிடும். விடியற்காலையில் அரைத்த தேங்காய்ச் சட்னி, மதியம் ஒன்றரை மணிக்கு உங்கள் தட்டில் விழும்போது எவ்வளவு நேரம் அந்தப் பாத்திரத்தில் இருந்திருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அது கொஞ்சம் நீர்த்துப் போகும்போதெல்லாம் பக்கத்து வாளியில் இருந்து பச்சைத் தண்ணீரை ஊற்றிக் கலக்கும் வண்டியில் நான் சட்னி வாங்குவதே இல்லை. அங்கே கொதிக்கும் சாம்பார் மட்டும் போதும்.

ஃபோர்ட் பகுதிச் சந்து ஒன்றில் தோசை வார்க்கும் ஒரு அண்ணாவை நான் நெடுநாளாகக் கவனித்து வருகிறேன். மும்பையில் இட்லி தோசை விற்பவர் யாராக இருந்தாலும் ஊரே அவரை ‘அண்ணா’ என்றுதான் கூப்பிடுகிறது. இவர் தாராவியில் இருந்து வருகிறார். வண்டிக்குக் கீழே மூடிபோட்ட எவர்சில்வர் குடம் ஒன்று. அதில் யாரும் கையை விடுவதில்லை, நீளமான பிடி வைத்த குவளையால் மட்டுமே மொள்ளுகிறார்கள். தட்டு கழுவும் தண்ணீர் தனி வாளியில் இருக்கிறது. அது கலங்கியவுடன் கீழே ஊற்றிவிட்டு மாற்றுகிறார். தட்டின் மேல் வாழையிலைத் துண்டு போட்டுத் தோசையை வைக்கிறார். காசை வாங்குவது அவருடைய மைத்துனர். மாவைத் தொடுகிற கை நோட்டைத் தொடுவதில்லை. சட்னித் தூக்கு இரண்டு: காலை வந்தது பதினோரு மணியோடு தீர்ந்துவிடும், இரண்டாவதை வீட்டில் இருந்து ரயிலில் கொண்டுவருகிறார்கள். இத்தனைக்கும் அந்த வண்டியின் தகரம் துருப்பிடித்தது, கூரை கிழிந்தது. வண்டியின் தோற்றத்தை வைத்து முடிவு செய்பவர்கள் இவரிடம் சாப்பிடாமலே போய்விடுவார்கள்.

ஆகவே புதிய வண்டி ஒன்றுக்குப் போனால் உடனே தட்டை வாங்காமல் ஐந்து நிமிடம் ஓரமாக நின்று அந்தத் தண்ணீரையும் கையையும் பாருங்கள். கூட்டம் உள்ள கடை நல்லது என்று சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு, ஏனென்றால் அங்கே பண்டம் தேங்கி நிற்பதில்லை. ஆனால் கூட்டம் கூடுகிற வேகத்தில் தட்டை ஒரு முக்கு முக்கி எடுத்துக் கொடுக்கும் கடைகளும் உண்டு. கூடியவரை பன்னிரண்டரை மணிக்கே சாப்பிட்டுவிடுங்கள். குடிதண்ணீரை அலுவலகத்தில் இருந்து புட்டியில் எடுத்துச் செல்லுங்கள். இந்த ஒரு பழக்கமே பாதித் தொல்லையைக் குறைக்கும்.

ஃபிரைடு ரைஸ் வண்டிகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காலையில் வடித்த சோற்றைக் கூடையில் குவித்து வைத்து, கேட்கக் கேட்க வாணலியில் புரட்டித் தருகிறார்கள். அரிசியில் இருக்கும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் பாக்டீரியாவின் வித்துகள் வேகவைத்தாலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் அவை முளைத்து நஞ்சை உண்டாக்குகின்றன, வாந்தியை வரவழைக்கும் அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழிவதில்லை. சட்டியில் தீ எழும்புவதைப் பார்த்து ஏமாற வேண்டாம். இதைவிட எண்ணெயில் இருந்து அப்போதே எடுத்த வடையும் பாவு ரொட்டியும் எவ்வளவோ மேல்.

மீண்டும் வயிற்றுப்போக்கு வந்தால் மருந்துக்கடையில் ஓ.ஆர்.எஸ். என்னும் உப்பு-சர்க்கரைக் கரைசல் தூள் பொட்டலம் வாங்கி, உறையில் சொன்ன அளவுத் தண்ணீரில் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். அது கிடைக்காத வேளையில், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து குடிக்கலாம். காய்ச்சலோ மலத்தில் இரத்தமோ இருந்தால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

கேள்வி: என் மகள் பானிபூரி என்றால் உயிரை விடுவாள். கடைக்காரர் கையுறை போட்டுக்கொண்டுதான் கொடுக்கிறார். வாங்கித் தரலாமா, அம்மா?
- வாசகி, முலுண்ட்

பதில்: கையுறை போட்ட கையாலேயே காசும் வாங்கி, முகத்தையும் துடைத்துக்கொள்கிறார் என்றால், கழுவிய வெறுங்கையைவிட அந்தக் கையுறை மோசமானது. அதைவிட முக்கியம், பூரிக்குள் ஊற்றப்படும் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பது. பூரி காய்ந்த பண்டம், ரக்டா என்னும் பட்டாணிக் குழம்பு அடுப்பில் கொதிக்கிறது. இவை இரண்டிலும் பயம் குறைவு. புதினாத் தண்ணீர் மட்டும்தான் கொதிக்காமல் வருகிறது, அதில் பனிக்கட்டியும் மிதக்கிறது. மீனையும் மற்றப் பொருள்களையும் குளிரவைக்க மட்டுமே பயன்படும் பனிக்கட்டிக்கு நீலச் சாயம் சேர்க்க வேண்டும் என்று 2018-இல் உத்தரவு வந்தது. நீலம் தட்டிய கட்டியைக் கண்டால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள். நிறமில்லாத கட்டி என்பதற்காக அது நல்ல தண்ணீரில் செய்ததாகவும் ஆகிவிடாது.

மஞ்சள் காமாலையில் ‘ஏ’, ‘ஈ’ என்ற இரண்டு வகைகள் தண்ணீர் வழியாகப் பரவுபவை. கிருமி உள்ளே போய் இரண்டு வாரம் முதல் பத்து வாரம் வரை கழித்துத்தான் அறிகுறி தெரியும். அதனால்தான் நேற்றுச் சாப்பிட்ட இடத்தைக் குறை சொல்லிவிட்டு, உண்மையில் நோய் தந்த இடத்துக்கே நாம் மறுபடி போகிறோம். ‘ஏ’ வகைக்குத் தடுப்பூசி இருக்கிறது, டைபாய்டுக்கும் இருக்கிறது, குழந்தை மருத்துவரிடம் கேட்டு இரண்டையும் போட்டுவிடுங்கள். கர்ப்பிணிகளுக்கு, குறிப்பாகக் கடைசி மூன்று மாதங்களில், ‘ஈ’ வகை உயிருக்கே ஆபத்தாக முடியக்கூடும் என்பதால், வீட்டில் அப்படி யாராவது இருந்தால் மழைக்காலத்தில் பானிபூரிப் பேச்சையே எடுக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். மகளுக்குப் பூரியை மட்டும் வாங்கி வந்து வீட்டில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரில் புதினா கரைத்துக் கொடுங்கள்.

கேள்வி: வடாபாவைச் செய்தித்தாளில் சுற்றித் தருகிறார்கள். இது தவறுதானே?
- வாசகர், டோம்பிவிலி

பதில்: தவறுதான். அச்சு மையில் உள்ள இரசாயனங்கள் சூட்டிலும் எண்ணெயிலும் இளகிப் பண்டத்தில் ஏறும். உணவைச் செய்தித்தாளில் பொதிவதை 2018-ஆம் ஆண்டின் உணவுப் பொதி விதிமுறைகள் தடை செய்திருக்கின்றன. சண்டை போட வேண்டாம். ஒரு சிறிய எவர்சில்வர் டப்பாவை நீட்டுங்கள், எந்தக் கடைக்காரரும் மறுத்து நான் பார்த்ததில்லை.

கேள்வி: என் அப்பா முப்பது ஆண்டுகளாகத் தாராவியில் இருந்து இட்லிக் கொப்பரையோடு புறப்பட்டு வெளியே விற்கிறார். வாங்குபவர்கள் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். வண்டியை எப்போது யார் தூக்கிப் போவார்களோ என்று தினமும் பயம். சட்டம் எங்களுக்கு ஏதாவது சொல்கிறதா?
- வாசகர், தொண்ணூறு அடி சாலை

பதில்: சொல்கிறது, அதை நீங்கள் மனப்பாடமாகவே தெரிந்து வைத்திருக்க வேண்டும். 2014-ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டப்படி, வியாபாரிகளின் கணக்கெடுப்பு முடிந்து விற்பனைச் சான்றிதழ் வழங்கப்படும்வரை ஏற்கெனவே விற்று வருபவரை அப்புறப்படுத்தக் கூடாது. சான்றிதழ் பெற்றவரை இடம் மாற்றவோ வெளியேற்றவோ 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். பொருளைக் கைப்பற்றினால் பட்டியல் எழுதி அதன் நகலைக் கொடுக்க வேண்டும். கேட்டு விண்ணப்பித்தால் கெட்டுப்போகும் பண்டத்தை அன்றைக்கே, மற்றவற்றை இரண்டு வேலை நாள்களுக்குள் திருப்பித் தர வேண்டும். பட்டியல் கேட்க மறந்துவிடுவதால்தான் கொப்பரையும் அடுப்பும் போன இடம் தெரியாமல் போகின்றன. இந்தச் சட்டத்தின்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீத இடங்கள் வியாபாரிகளே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளுக்கு உரியவை, அவற்றில் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு. அந்தத் தேர்தலில் வாக்களிக்க உங்கள் அப்பாவின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தால் 14 இலக்க எண் ஒன்று கிடைக்கும். அதை வண்டியின் முகப்பில், தமிழிலும் மராத்தியிலும் ஒரு வரியோடு எழுதி ஒட்டச் சொல்லுங்கள். தண்ணீர்க் குடத்தை வண்டிக்கு அடியில் மறைக்காமல், மூடியோடு, வாங்குபவர் கண்ணில் படும் பக்கமாக வைக்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் வரும்போது நானே வந்து நாலு இட்லி வாங்கிச் சாப்பிடுகிறேன்.