அச்சில் வராத காலிச்சின் பாடல்கள் சோவியத் நாடு முழுக்கப் பரவியது எப்படி? நாட்டைவிட்டுப் போன பிறகு அவருக்கு என்ன ஆனது?

சோவியத் காலத்தில் தானே பாட்டெழுதி கிட்டாருடன் பாடிய அலெக்சாண்டர் காலிச்சை ‘முகாமிலிருந்து மீண்டு வந்த பாடகர்’, அதாவது கைதிகளின் கட்டாய உழைப்பு முகாமில் இருந்தவர், என்று சொல்வதுண்டு. அது சரியில்லை. ஆனால் அந்தக் காலத்து ரஷ்யர்களே பலர் அப்படித்தான் நம்பினார்கள். அவர் ஒருநாள்கூட முகாமில் இருந்ததில்லை. 1918 அக்டோபர் 19 அன்று யெகதெரினஸ்லாவில், அதாவது இன்றைய உக்ரைனின் த்னிப்ரோ நகரில், யூதக் குடும்பத்தில் பிறந்தவர். இயற்பெயர் கின்ஸ்பர்க். குடும்பப் பெயரின் தலையெழுத்து, அலெக்சாண்டரின் முதல் இரண்டு எழுத்து, தந்தை வழிப் பெயரான அர்காதியேவிச்சின் வால், மூன்றையும் ரஷ்ய எழுத்தில் ஒட்டினால் ‘காலிச்’ வரும்.

1950களில் அவர் நன்றாகச் சம்பாதித்த நாடக, சினிமா எழுத்தாளர். 1948இல் வந்த ‘உங்களைத் தைமிர் அழைக்கிறது’ என்ற நகைச்சுவை நாடகம் (இன்னொருவருடன் சேர்ந்து எழுதியது) ஊர் ஊராக ஓடியது. 1954இன் ‘உண்மை நண்பர்கள்’ படத்தின் திரைக்கதையிலும் அவர் கை உண்டு. யூதக் குடும்பம் ஒன்றைப் பற்றி எழுதிய நாடகத்தை 1958இல் ஒத்திகையோடு நிறுத்திவிட்டார்கள். அந்தக் கசப்புக்குப் பிறகுதான் பாட்டு. 1962இல் மாஸ்கோ–லெனின்கிராட் ரயிலில் எழுதிய ‘லேனச்கா’வை அவரே தொடக்கமாகச் சொல்வார்.

முகாம் குழப்பம் வரக் காரணம் அவர் எழுதும் முறை. பாட்டில் ‘நான்’ என்று வந்தால் அது காலிச் இல்லை, ஒரு பாத்திரம். ‘மேகங்கள்’ பாட்டில் பேசுபவன், உறைபனி முகாமில் இருபது வருஷம் கழித்துவிட்டு வந்து, மதுக்கடையில் கோன்யாக் குடித்தபடி மேகங்கள் போவதைப் பார்க்கிறான். நாடகக்காரர் குரலை மாற்றிப் பாடும்போது, ஆளை நேரில் பார்க்காமல் டேப்பில் கேட்பவர் வேறென்ன நினைப்பார்?

இனி டேப் விஷயம். பாதிக் கதை அதில்தான் இருக்கிறது.

தட்டச்சு செய்து கையோடு கையாகப் பரப்புவதற்குச் ‘சமிஸ்தாத்’ என்று பெயர், டேப்பில் பரப்புவதற்கு ‘மக்னிதிஸ்தாத்’. தட்டச்சுப் பிரதியில் பிரச்சினை எண்ணிக்கை. மெல்லிய தாளும் கார்பனும் மாற்றி மாற்றி வைத்து அடித்தால் நாலைந்து பிரதி தேறும், அதற்குக் கீழே எழுத்து மங்கிவிடும். இயந்திரத்தின் எழுத்து வார்ப்பை வைத்து ஆளைக் கண்டுபிடிக்கவும் முடியும். டேப் ரிக்கார்டருக்கு அந்தத் தொல்லை கிடையாது. கடையில் சட்டப்படி விற்ற பொருள், எதில் பதிந்தது என்று யாரும் நிரூபிப்பது கடினம். ‘எரிகா’ தட்டச்சு இயந்திரம் நான்கு பிரதி தரும், ‘யாவுசா’ டேப் ரிக்கார்டர் இருக்கிறது, இது போதும் என்று காலிச்சே ஒரு பாட்டில் சொல்லிவிட்டார். ரஷ்யாவில் இன்றும் சமிஸ்தாத் என்றதும் அந்த நாலு பிரதிதான் ஞாபகத்துக்கு வரும்.

பதிவு நடப்பது யாராவது ஒருவர் வீட்டில். பத்து இருபது பேர், மேஜையில் மைக், காலிச்சின் மடியில் ஏழு தந்தி ரஷ்ய கிட்டார். யாவுசா-5 வகை ரிக்கார்டரில் இரண்டு வேகம்: நொடிக்கு 19.05 செ.மீ., 9.53 செ.மீ. பேச்சும் கிட்டாரும்தானே என்று பெரும்பாலும் மெதுவான வேகத்தில் பதிவார்கள். 250 மீட்டர் நாடா அப்போது ஒரு பக்கத்துக்குச் சுமார் 43 நிமிடம் ஓடும். திருப்பிப் போட்டால் இன்னொரு 43. ஒரு மாலைக் கச்சேரி ஒரே ஸ்பூலில் அடங்கிவிடும்.

நகலெடுக்க இரண்டு ரிக்கார்டர் வேண்டும். ஒன்று உங்களுடையது, மற்றது நண்பர் வீட்டிலிருந்து தூக்கி வருவது. ஒன்றின் வெளியீட்டிலிருந்து மற்றதன் உள்ளீட்டுக்கு ஒரு வயர். தவறு நடக்கும் இடங்கள் இவை. பலமான சிக்னலை நேராக மைக் துளையில் செருகினால் குரல் கரகரவென்று உடையும். நடுவில் ஒரு பெரிய மின்தடையம் (ரெசிஸ்டர்) போட்டால்தான் சரிவரும். வயர் இல்லாதவர்கள் ஸ்பீக்கர் முன்னால் மைக்கை வைத்துப் பதிவார்கள், அதில் அந்த அறையின் எதிரொலியும் பக்கத்து வீட்டு நாயும் சேர்ந்து வரும். இரண்டு ரிக்கார்டர்களின் ஹெட்டும் (நாடாவைத் தொட்டுப் பதிந்து படிக்கும் பாகம்) ஒரே கோணத்தில் இல்லாவிட்டால் ‘ஸ’, ‘ஷ’ போன்ற ஒலிகள் மழுங்கிவிடும். வேகம் ஆறு சதவீதம் பிசகினால் சுருதி அரை ஸ்வரம் ஏறும் அல்லது இறங்கும். இன்று கிடைக்கும் சில பழைய பதிவுகளில் காலிச் வழக்கத்துக்கு மாறாக மெல்லிய குரலில் பாடுவதற்கு இதுதான் காரணம், இளமை அல்ல.

ஒவ்வொரு நகலும் முந்தையதன் இரைச்சலோடு தன் இரைச்சலையும் சேர்த்துக்கொள்ளும். முதல் நகலிலேயே அது சுமார் இரண்டு மடங்காகும். ஐந்தாவது ஆறாவது கைக்கு வரும்போது கிட்டார் ஏறக்குறைய மறைந்து, குரல் மட்டும் மிஞ்சும். காலிச்சின் பாட்டு இதைத் தாங்கியது. மெட்டு எளிமையானது, சொல் திருத்தமானது, கதை வலுவானது. இசையை நம்பிய பாட்டாக இருந்திருந்தால் மூன்றாவது நகலிலேயே செத்திருக்கும் என்பது என் கணிப்பு.

அப்போதைய அசிடேட் நாடா இழுபடாது, பட்டென்று அறுந்துவிடும். இரண்டு முனையையும் சாய்வாக வெட்டி, ஒன்றன்மேல் ஒன்று கொஞ்சம் ஏறும்படி வைத்து, மளிகைக் கடையில் விற்கும் வினிகர் எசன்ஸை ஒரு துளி தொட்டு அழுத்தினால் ஒட்டிக்கொள்ளும். நேராக வெட்டினால் ஒட்டிய இடத்தில் ‘டக்’ என்று சத்தம் வரும். பின்னால் வந்த பாலியெஸ்டர் நாடாவில் வினிகர் வேலை செய்யாது.

1968 மார்ச்சில் நோவசிபீர்ஸ்க் அருகே அகதெம்கரதோக் என்ற விஞ்ஞானிகள் நகரில் நடந்த விழாவில் அவர் பெரிய மேடையில் பாடினார். சோவியத் மண்ணில் அப்படி ஒரு வாய்ப்பு மறுபடி கிடைக்கவில்லை. கவிஞர் போரிஸ் பஸ்தெர்னாக்கின் நினைவுப் பாடலைப் பாடி முடித்ததும் அரங்கமே எழுந்து நின்றது. அந்தப் பாட்டு, பஸ்தெர்னாக்கை எழுத்தாளர் சங்கத்திலிருந்து நீக்கக் கை தூக்கியவர்களைப் பற்றியது. 1971 டிசம்பர் 29 அன்று அதே சங்கம் காலிச்சை நீக்கியது. சில வாரங்களில் திரைக் கலைஞர் சங்கமும் நீக்கியது. ஒப்பந்தங்கள் நின்றன, படங்களின் பெயர்ப் பட்டியலிலிருந்து பெயர் போயிற்று. ஏற்கெனவே மாரடைப்பு கண்ட மனிதருக்கு மிஞ்சியது நோயாளி ஓய்வூதியம்.

வெளியேறுவதற்கு அன்று பெரும்பாலும் இருந்த வழி ஒன்றுதான்: இஸ்ரேலிலிருந்து உறவினர் அழைப்பு வந்ததாகக் காட்டி விசா அலுவலகத்தில் விண்ணப்பிப்பது. குடியுரிமையைத் துறக்க 500 ரூபிள், வெளியேறும் ஆவணத்துக்கு 400. அப்போதைய சராசரிச் சம்பளத்தில் இது ஆறு மாத வருமானம். நார்வேக்குப் போய்வரத்தான் காலிச் அனுமதி கேட்டார், கிடைக்கவில்லை. போவதென்றால் இஸ்ரேல் விசாவில் ஒரேயடியாகப் போ என்பதுதான் பதில். 1974 ஜூன் 25 அன்று மனைவியுடன் விமானம் ஏறினார்.

நார்வேயில் சுமார் ஒரு வருஷம் இருந்தார், அங்கே ஓர் இசைத்தட்டும் பதிவானது. பிறகு மியூனிக், அமெரிக்கப் பணத்தில் சோவியத் நாட்டுக்கு ஒலிபரப்பிய ‘ரேடியோ லிபர்ட்டி’ வானொலியில் வேலை, ‘மைக் முன் காலிச்’ என்று தனி நிகழ்ச்சி. கடைசியில் பாரிஸ்.

வெளியே போனதும் பாட்டின் பாதை தலைகீழானது. முன்பு வீட்டிலிருந்து வீட்டுக்கு நாடா போனது, இப்போது சிற்றலையில் குரல் உள்ளே வர வேண்டும். ரேடியோ லிபர்ட்டியை சோவியத் அரசு 1953 முதல் 1988 வரை இரைச்சலால் அமுக்கியது. நகரத்துக்குள் உள்ளூர் இடையூறு நிலையங்கள் பலம், அதனால் நகரை விட்டுத் தள்ளிக் கோடை வீட்டில் கேட்பார்கள். அந்தி நேரம் நல்லது: கிழக்கே இருட்டிவிட்டால் தொலைதூர இடையூறு அலைகள் வானில் திரும்பாது, மேற்கிலிருந்து வருவது மட்டும் வரும். உள்நாட்டு ரேடியோக்களில் பெரும்பாலும் 25 மீட்டருக்குக் கீழே அலைவரிசைப் பட்டை கிடையாது. ‘ஸ்பீதலா’ என்ற டிரான்சிஸ்டர் ரேடியோ வைத்திருந்தவர்கள் அதன் உருளைச் சுவிட்சிலுள்ள பட்டியைக் கழற்றி, காயிலை மாற்றிச் சுற்றி 16, 19 மீட்டர் வரவழைத்தார்கள். கிடைத்ததை மறுபடி டேப்பில் பதிந்தார்கள், இரைச்சலோடு.

மேடை வேறு கதை. ஐரோப்பாவிலும் இஸ்ரேலிலும் அரங்கம் நிறைந்தது, கேட்டவர்கள் பெரும்பாலும் நாடு விட்டு வந்த ரஷ்யர்கள். வெளிநாட்டாருக்கு அவர் பாட்டு எளிதில் எட்டாது. ஓர் உதாரணம்: கிளிம் பெத்ரோவிச் என்ற ஆலைத் தொழிலாளிக்குச் சமாதானக் கூட்டத்தில் வாசிக்க யாரோ ஒரு பெண்ணுக்கு எழுதிய தாளைக் கொடுத்துவிடுகிறார்கள். ‘ஒரு தாயாகவும் பெண்ணாகவும் சொல்கிறேன்’ என்று வாசித்துப் பாதியில் திடுக்கிடுகிறான். கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை, கைதட்டுகிறார்கள். அப்படிப்பட்ட கூட்டத்தில் ஒருமுறையாவது உட்கார்ந்தவனுக்குத்தான் வயிறு வலிக்கச் சிரிப்பு வரும். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் மலிவு விலைத் தமிழ்ப் புத்தகங்களில் வளர்ந்த நம் தலைமுறைக்கு இந்த ரஷ்யாவைக் காட்ட யாருமில்லை.

1977 டிசம்பர் 15 அன்று பாரிஸ் வீட்டில், புதிதாக வாங்கிய ஸ்டீரியோ ரேடியோவுக்கு ஆன்டெனா இணைக்கும்போது மின்சாரம் தாக்கி இறந்தார். வயது 59. விபத்து என்று பிரெஞ்சு போலீஸ் முடித்தது. சோவியத் உளவுத்துறையான கே.ஜி.பி.யின் வேலை என்ற பேச்சு இன்றுவரை ஓயவில்லை. எனக்கு விபத்துதான் நம்பும்படி இருக்கிறது: ஆன்டெனா முனையைத் தவறான துளையில் நுழைத்தால் ஆரோக்கியமான ஆளுக்கே ஆபத்து, அவர் இதயமோ ஏற்கெனவே பழுது. உடல் பாரிஸுக்கு வெளியே, ரஷ்யர்கள் பலர் உறங்கும் சாந்த்-ஜெனவியேவ்-தே-புவா கல்லறையில் இருக்கிறது. எழுத்தாளர் சங்கம் உறுப்பினர் பதவியை 1988இலும், அரசு குடியுரிமையை 1993இலும் திருப்பித் தந்தன.

கேட்கத் தொடங்குவதானால் நார்வே இசைத்தட்டை விட்டுவிட்டு 1960களின் வீட்டுப் பதிவுகளைத் தேடுங்கள். பின்னணியில் கோப்பை மோதும் ஒலி, இருமல், தவறான இடத்தில் சிரித்துவிட்டு அடங்கும் ஒரு குரல் எல்லாம் அதில் இருக்கும்.