பம்ப் அடித்தால் பிள்ளை கட்டையாகிவிடுமா?

கேள்வி: மகனுக்கு 8 வயது. முட்டு வருத்தத்துக்கு (ஆஸ்துமாவுக்கு) இரண்டு வருடமாக மண்ணிற பம்ப் (இன்ஹேலர்) அடிக்கிறான். வகுப்பில் அவன்தான் ஆகக் கட்டை. பம்ப்தான் வளர்த்தியை நிப்பாட்டுது என்று அயலில் சொன்னதால் போன மாதம் விட்டுவிட்டோம். அதுக்குப் பிறகு இரண்டு தரம் இழுத்தது. பாமசியில் குளிசை வாங்கிக் குடுத்தேன். உயரத்துக்கு ஒருவர் பவுடரும் கொண்டுவந்து தருகிறார். நான் செய்தது சரியா?
– ஒரு தாய், புதுக்குடியிருப்பு

பதில்: சரியில்லை, தங்கச்சி. கிளினிக்கில் எழுதித் தந்த அளவிலேயே பம்பை இன்றைக்குத் தொடங்குங்கள். ஒரு மாதத்தில் இரண்டு தரம் இழுத்திருக்கிறது. இந்தக் கிழமையே பிள்ளையைக் காட்டவும் வேண்டும்.

அயலவர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது. மண்ணிற பம்பில் உள்ளது ஸ்டீரொயிட், சுவாசக்குழாய் வீக்கத்தைத் தணிக்கிற மருந்து. முதல் ஒன்றிரண்டு வருடம் வளர்த்தி அரைச் சென்ரிமீற்றர் அளவில் குறையலாம். ஆனால் அந்தக் குறைவு வருடா வருடம் கூடிக்கொண்டு போவதில்லை. அமெரிக்காவிலும் கனடாவிலும் முட்டுள்ள பிள்ளைகளுக்கு பியூடிசொனைட் என்ற உள்ளிழுக்கும் ஸ்டீரொயிட்டை நாளுக்கு 400 மைக்ரோகிராம் வீதம் சில வருடம் கொடுத்து, அவர்கள் வளர்ந்து முடிந்த பிறகு அளந்தார்கள். 2012இல் வந்த முடிவு: அது எடுக்காத பிள்ளைகளைவிடச் சராசரியாக 1.2 சென்ரிமீற்றர் குறைவு. உங்கள் சுண்டுவிரலின் அகலம், அவ்வளவுதான். முட்டு அடங்காமல் இரவிரவாக இருமி, நித்திரையும் சாப்பாடும் இல்லாமல் கிடக்கிற பிள்ளையும்தான் வளராது. அதை ஏனோ அயலில் ஒருவரும் சொல்வதில்லை.

அந்தக் குளிசைக்கு வருவோம். கடதாசியில் சுற்றி, பெயர் எழுதாமல் தந்திருப்பார்கள். அது பிரெட்னிசொலோனாக இருக்கலாம். அதுவும் ஸ்டீரொயிட்தான்! 20 கிலோப் பிள்ளைக்கு 5 மில்லிகிராம் குளிசை நாலு என்றால் 20,000 மைக்ரோகிராம். நிறையைப் பார்த்தால், நாளுக்கு 400 வீதம் 50 நாள் பம்ப் அடித்ததற்குச் சமன். வீரியம் மருந்துக்கு மருந்து வேறுபடும். ஆனால் பம்ப் மருந்து நேரே சுவாசப்பைக்குப் போகிறது, குளிசை எலும்பு வரைக்கும் உடம்பு முழுக்க ஓடுகிறது. கடும் இழுப்புக்கு டொக்டர் சில நாளைக்குத் தந்தால் பயப்படாமல் குடுங்கள். மாதாமாதம் கடையில் வாங்கிக் குடுப்பதுதான் வளர்த்தியைத் தின்னும். டொக்டரின் துண்டில்லாமல் விற்கிறவனைக் கேட்க ஆளில்லை. துண்டோடு போகிற தாய்தான் அரைநாள் வரிசையில் நிற்கிறாள்.

ஒரு இடத்தில் மட்டும் நானும் பயப்படுவேன். மூக்கடைப்புக்கு ஒரு கிளினிக்கில் ஸ்பிரே, சொறிக்கு இன்னொரு இடத்தில் கிறீம், முட்டுக்குப் பம்ப். மூன்றும் ஸ்டீரொயிட்டாக இருக்கலாம். ஒவ்வொரு டொக்டரும் தான் எழுதினதை மட்டும்தான் பார்க்கிறார், கூட்டிப் பார்க்க ஒருவரும் இல்லை. ஆகவே கிறீம் ரியூப், ஸ்பிரேப் போத்தல், குளிசை மட்டை, வெறும் பெட்டி என்று வீட்டிலுள்ள எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய் டொக்டரின் மேசையில் கொட்டுங்கள். ‘ஏன் இதெல்லாம்?’ என்று சினந்தால் சினக்கட்டும். கூட்டினால் அளவு கூடிப்போயிருக்கும் பிள்ளைக்கு பம்பைக் குறைக்கத்தான் வேண்டும். அதையும் அவர்தான் படிப்படியாகக் குறைக்கவேண்டும், நீங்கள் திடீரென்று நிப்பாட்டக்கூடாது.

பம்பை நேரே வாயில் அடித்தால் பாதிக்கு மேல் வாயிலும் தொண்டையிலுமே ஒட்டிவிடும். ஸ்பேசர் (பம்புக்கும் வாய்க்கும் இடையில் பொருத்துகிற குடுவை) கிடைக்கவில்லை என்றால் 500 மில்லிலீற்றர் பிளாஸ்ரிக் போத்தலைக் கழுவிக் காயவைத்து, அடியில் பம்பின் வாய் இறுக நுழையுமளவுக்கு ஓட்டை போடுங்கள். ஒரு அடி அடித்து, போத்தல் வாயால் ஐந்தாறு மூச்சு. பிறகு வாய் கொப்பளிக்க வேண்டும்.

வளர்கிறானா என்பதைச் சுவர் சொல்லும். செருப்பில்லாமல், குதி சுவரில் முட்ட, தலையில் கொப்பியைத் தட்டையாக வைத்து, பென்சிலால் கோடு கீறித் திகதி போடுங்கள். ஆறு மாதம் கழித்து அதே நேரத்தில் அடுத்த கோடு. வருடத்துக்கு 5 சென்ரிமீற்றர் வந்தால் பயமில்லை, 4க்குக் கீழே போனால் காட்டுங்கள். செருப்போடு அளந்து எழுதின கிளினிக் கொப்பிகளை நான் எத்தனையோ பார்த்துவிட்டேன்.

பவுடர்க்காரர் திரும்ப வந்தால், பேணியில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்று வாசித்துக்காட்டச் சொல்லுங்கள். என்னிடம் ஒரு தாய் கொண்டுவந்த பேணியில் ஒட்டுத்தாளே இல்லை.