கனடாவில் திருச்சபை நடத்திய 'லா லிபர்தே' பிரெஞ்சு வார இதழின் வரலாறு என்ன? பழைய இதழ்களை எப்படித் தேடுவது?

முதலில் ஒரு எச்சரிக்கை. 'லா லிபர்தே' என்று மட்டும் போட்டுத் தேடினால் சுவிட்சர்லாந்தின் ஃப்ரிபூர் நகரத்து நாளிதழும் சேர்ந்து வந்து விழும். 1871இல் தொடங்கிய அதுவும் கத்தோலிக்கப் பின்னணி உள்ளதுதான், அதனால் குழப்பம் இரட்டிப்பாகும். நீங்கள் கேட்பது கனடாவின் மானிட்டோபா மாகாணத்து வார இதழ். தேடும்போது சேன் போனிபாஸ் அல்லது வின்னிபெக் என்று ஊர்ப் பெயரையும் சேர்த்துவிடுங்கள்.

முதல் இதழ் 1913 மே 20 அன்று வந்தது. தொடங்கியவர் சேன் போனிபாஸ் பேராயர் அடேலார் லான்ஷவேன். அவர் அமலமரித் தியாகிகள் சபைத் துறவி. யாழ்ப்பாணத்தில் 1876இல் 'சத்தியவேத பாதுகாவலன்' தொடங்கியதும் இதே சபையார்தான். அச்சுக்கும் வெளியீட்டுக்கும் சபையின் 'வெஸ்ட் கனடா பப்ளிஷிங் கம்பெனி' இருந்தது. குடியேறிய கத்தோலிக்கர்களுக்காக ஆங்கிலம், ஜெர்மன், போலிஷ் இதழ்களும் அங்கிருந்தே வந்தன. கம்பெனிப் பெயரில் சபையின் பெயர் இல்லாததால், அதை மட்டும் பார்ப்பவர்கள் தனியார் பத்திரிகை என்று எழுதிவிடுகிறார்கள்.

பேராயருக்கு எதற்குப் பத்திரிகை? பள்ளிக்கூடத்துக்காக. என் பார்வையில் இந்த இதழின் முதல் அறுபது ஆண்டுகளைத் திறக்கும் சாவி இதுதான். 1890இல் மானிட்டோபா அரசு பிரெஞ்சின் அலுவல் மொழித் தகுதியையும், மதவழிப் பள்ளிகளுக்கான அரசுப் பணத்தையும் ஒருசேர நிறுத்தியது. 1897இல் வந்த சமரசப்படி, ஒரு பள்ளியில் வேற்றுமொழி பேசும் பிள்ளைகள் 10 பேர் இருந்தால் இருமொழியில் கற்பிக்கலாம். 1916இல் அதுவும் போயிற்று. அதே ஆண்டில் பிரெஞ்சுக் கனடியர் கல்விச் சங்கம் உருவானது. சட்டம் மறுத்த பிரெஞ்சுப் பாடத்தைச் சங்கம் ஊர் ஊராகக் காத்து நடத்தியது, லா லிபர்தே அதற்குத் துணை நின்றது. 1923 முதல் 1941 வரை ஆசிரியராக இருந்த தொனாசியன் ஃப்ரெமோன் காலத்து இதழ்களைப் பொறுமையாகப் படியுங்கள்.

பெயர் மாற்றத்தில்தான் பலர் வழுக்குகிறார்கள். 1941இல் இது பக்கத்து மாகாணமான சாஸ்காச்சுவானின் 'லெ பத்ரியோத் தெ லூவெஸ்ட்' இதழோடு இணைந்தது. அதிலிருந்து 1971 வரை முகப்பில் 'லா லிபர்தே எ லெ பத்ரியோத்' என்றுதான் இருக்கும். பழைய பெயரை மட்டும் கொடுத்தால் முப்பது ஆண்டுகள் கைநழுவிப் போகலாம். பத்ரியோத் 1910 ஆகஸ்டில் டக் லேக்கில் தொடங்கியது. சில மாதங்களிலேயே அச்சகம் தீக்கிரையானது, 1911இல்தான் மீண்டும் வந்தது. ஆகவே அந்த இடைவெளி தொகுப்பின் குறையல்ல.

பழைய இதழ்களை மின்படமாக்கியது ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தின் பீல் மின்தொகுப்பு. சொல்லைத் தேடும்போது மூன்று இடங்களில் கவனம் வேண்டும். மேலே குறியுள்ள பிரெஞ்சு எழுத்துகளைக் கணினி தப்பாகப் படிக்கும், எனவே குறியோடும் இல்லாமலும் தேடுங்கள். பத்தி ஓரத்தில் உடைந்த சொல் முழுச்சொல்லாகச் சிக்காது, பாதியைக் கொடுங்கள். ஊர்ப் பெயரில் 'புனித' என்ற பொருளில் வரும் 'சேன்', 'சேன்த்' சில இடத்தில் முழுதாகவும் சில இடத்தில் சுருக்கமாகவும் அச்சாகியிருக்கும். எதுவும் கிடைக்காவிட்டால் சொல்தேடலை விட்டு, தேதியை வைத்து இதழைத் திறந்து கண்ணால் புரட்டுவதே நல்லது.

1970களின் தொடக்கத்தில் சபை விலகிக்கொண்டது. கல்விச் சங்கத்தின் வழிவந்த பிரெஞ்சு மானிட்டோபர் சங்கம், 'பிரெஸ் ஊவெஸ்ட்' நிறுவனத்தின் மூலம் இதழை ஏற்றது. பெயரும் லா லிபர்தே என்று பழையபடி சுருங்கியது. சாஸ்காச்சுவான் குடும்பத்தையோ ஊரையோ தொடர்ந்து வருபவர்கள் அங்கே பாதை மாற வேண்டும்: 1971 முதல் அந்த மாகாணத்துக்கு 'லோ வீவ்' என்று தனி இதழ் வந்துவிட்டது.