ஐ7 என்ற பெயரைப் பார்த்து 3050 லேப்டாப் எடுக்காதீர்கள்

தம்பி, மெக்கானிக்கல் முதலாண்டு, ஹாஸ்டல், வகுப்புக்கும் தூக்கிப் போக வேண்டும், இரவில் கேம், வாங்கப் பார்த்து வைத்திருப்பது ஐ7 ப்ராசஸர் + ஆர்டிஎக்ஸ் 3050 கிராபிக்ஸ் சிப் (4 ஜிபி) உள்ள லேப்டாப், இல்லையென்றால் ரைசன் 5 ப்ராசஸர் + ஆர்டிஎக்ஸ் 4050 உள்ளது, எது என்று கேட்டிருக்கிறீர்கள். யோசிக்கவே வேண்டாம், 4050. அதில் 6 ஜிபி விராம் (கிராபிக்ஸ் சிப்புக்கென்றே உள்ள நினைவகம்) இருக்கிறது, புது கேம்களுக்கு 4 ஜிபி சீக்கிரம் மூச்சு முட்டும். வேலரண்ட் மாதிரி லேசான கேம் மட்டும்தான் என்றால் இரண்டிலுமே ஓடும், அது வேறு விஷயம்.

ஆனால் 4050 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் எல்லாம் ஒன்றல்ல. அந்தச் சிப்புக்கு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை கம்பெனிக்கு கம்பெனி வேறு வேறு அளவில் மின்சாரம் கொடுப்பார்கள், வேகமும் அதற்கேற்ப மாறும், அதனால் மாடல் எண்ணைப் போட்டு டிஜிபி (அந்தச் சிப்புக்குக் கொடுக்கும் வாட் அளவு) எவ்வளவு என்று தேடிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். ராம் 8 ஜிபி ஒரே குச்சியாக வந்தால் இன்னொரு 8 போட்டு ஜோடியாக்குங்கள், சாலிட்வொர்க்ஸ் என்ற டிசைன் மென்பொருளுக்கும் அது தேவைப்படும்.

அப்புறம் பேட்டரி. விளம்பரத்தில் சொல்லும் மணிக்கணக்கை நம்பாமல் எத்தனை வாட்-அவர் (பேட்டரியின் கொள்ளளவு) என்று பாருங்கள், 50க்கும் 80க்கும் வகுப்பில் நன்றாகவே வித்தியாசம் தெரியும். யூஎஸ்பி-சி வழியாக சார்ஜ் ஏறும் மாடல் என்றால் செங்கல் மாதிரி இருக்கும் அடாப்டரை அறையிலேயே விட்டுவிட்டு, 65 வாட் சின்ன சார்ஜரோடு போகலாம், நோட்ஸ் எடுக்க அது தாராளம். கேம் விளையாடும்போது மட்டும் பெரிய அடாப்டரைச் செருகுங்கள், பேட்டரியில் எந்த கேமிங் லேப்டாப்பும் முழு வேகத்தில் ஓடாது.